பராமரிப்பாளர் ஒன்று

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
நாற்பது நிமிடம் நின்றது வண்டி.
மடியில் அட்டைப்பெட்டி. உள்ளே மூன்றாவது மாதிரி,
முழங்கால் உயரம், மூன்று சக்கரம்.

முதலாவதற்குக் கண் வைத்திருந்தேன்.
"ராத்திரி முழிச்சுப் பாக்குது" என்று
கலியபெருமாள் துண்டைப் போட்டு மூடிவிட்டார்.
இரண்டாவதற்குக் கண் இல்லை, தகவல் இருந்தது.
இன்று செவ்வாய், ஐப்பசி ஒன்பது,
நீங்கள் ஓய்வுபெற்றுப் பதினோரு வருடம்,
உங்கள் தம்பி இறந்துவிட்டார்:
கேட்டபோதெல்லாம் சரியாகச் சொன்னது.
ஒரே பகலில் ஆறு முறை
தம்பிக்கு அழுதார்.
ஆறும் முதல் அழுகை.

அன்றிரவு விடுதி அறையில்
அந்த வரிகளை அழிக்கத் துணிந்தேன்.
அந்த இடத்தில் பொய்யை எழுத
கை வரவில்லை.

நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் அவர்,
இருபத்தெட்டு வருடம்.
வானம் கறுத்தால் போதும், எழுந்துவிடுவார்:
"லாரி வந்துச்சா? மூட்டை வெளியில கெடக்கு."
சட்டை போடாமல் படியிறங்கி
மழைக்குள் போவார், படுதா தேடி.
பின்னாலேயே அந்தம்மா,
குடையை விரிக்க நேரமில்லாமல்.

மூன்றாவது மாதிரி பதில் சொல்லாது. கேட்கும்.
"ஈரப்பதம் எவ்வளவு சார்?"
நின்றுவிடுவார்.
தரையில் குந்தி, இல்லாத மூட்டையில் குத்தூசி செருகி,
உள்ளங்கையில் கொட்டி,
ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்து,
"பதினெட்டு. காயப்போடச் சொல்லு" என்பார்.
"எத்தனை சிப்பம் சார்?"
எண்ணத் தொடங்குவார்.
முடிப்பதற்குள் மழை விட்டிருக்கும்,
அல்லது மழையை மறந்திருப்பார்.

அதற்கு அவர் வைத்த பெயர் லோடுமேன்.
பொழுது சாய்ந்தால் அதன் தலையில்
பத்து ரூபாய் வைப்பார், கூலி.
அவர் தூங்கியதும் அந்தம்மா எடுத்து
திரும்பச் சட்டைப்பையில் செருகிவிடும்.
பன்னிரண்டு நாளாக அதே நோட்டு.

பதிமூன்றாம் நாள் பதிவுகளை இறக்கினேன்.
இரவு இரண்டு நாற்பது. வேறொரு குரல்.
"எம் பேரு என்ன, சொல்லு பாப்போம்."
லோடுமேன் தேடியிருக்கிறது, நான்கு விநாடி.
"நீங்கள் பராமரிப்பாளர் ஒன்று."
அப்புறம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
மறுநாளும் அதே நேரம், அதே கேள்வி,
அதே பதில்.
இப்படி ஐந்து இரவு.
மூன்றாவதில் மட்டும் யாரோ சிரித்த மாதிரி
மூச்சு ஒன்று.

அந்தக் கட்டத்தை நிரப்பியது நான்தான்,
திருச்சியில் ஒரு மதியம், சாப்பிட்டுக்கொண்டே.
அவரைப் பற்றி நூற்றுப்பன்னிரண்டு கேள்வி கேட்டிருந்தேன்:
பிடித்த குழம்பு, துரத்திய நாய்,
பள்ளிக்கூடத்தில் வைத்த பட்டப்பெயர் வரை.
அத்தனைக்கும் பதில் சொன்னது அந்தம்மா.
அவரைப் பற்றி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று:
கைபேசி எண்.

காலையில் காபி வந்தது.
பெயர் கேட்டேன்.
"தில்லைநாயகி. எதுக்கு?"
"சும்மா, ஒரு எடம் காலியா இருந்துச்சு."
இந்தப் பொய்க்கு மட்டும்
எப்படி நாக்கு வந்தது தெரியவில்லை.

ஐந்து இரவையும் அழித்தேன்.
ஆய்வுக்கு வேண்டும் என்று மேலே கேட்பார்கள்.
கேட்கட்டும்.

மாலை. பாமணி ஆற்றுப் பக்கம் இடி.
சமையலறை வாசலில் போய் நின்று
"தில்லைநாயகி" என்றது லோடுமேன்.
பெயருக்குப் பின்னால் சொல்ல
நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.
கட்டிலிலிருந்து அவர்:
"யாரது, புதுசா? சிட்டா அடங்கல்
கொண்டாந்திருக்காங்களா?"

அடுப்பைத் தணித்துவிட்டு,
ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி,
"இருக்குங்க" என்றார் தில்லைநாயகி.

"அப்ப மழையில நிக்க வைக்காத.
உள்ள வரச் சொல்லு."