ஏனையவை

தேர்தல் முடிந்து பதினெட்டு நாள்.
இன்னும் மூன்று நாளில் செலவுக் கணக்கு
கச்சேரிக்குப் போய்ச் சேரவேண்டும்.
களுவாஞ்சிகுடியில் போன கிழமைவரை காரியாலயம்,
இப்போது மறுபடி டயர்க்கடை.
ரப்பர் மணத்துக்குள் நானும் படிவமும்.

சுவரொட்டி எழுதியாயிற்று.
ஒலிபெருக்கி, ஓட்டோ வாடகை, சோற்றுப் பார்சல்,
கிரான்குளம் கூட்டத்துக்கு நூற்றிருபது கதிரை,
ஏறி நின்று கைதட்டி உடைத்த நாலு கதிரை,
எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்.
கறுப்புச் சட்டை ஆறு பேருக்குத்தான்
கட்டம் இல்லை.

ஆளுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம்.
முப்பத்திநாலு நாள்.
பத்து லெட்சத்து இருபதாயிரம்.
சேர்ந்த காசில் பாதிக்குக் கிட்ட.

எப்படிச் சேர்ந்தது என்பதைப்
பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் சொல்லும்.
சூரிச்சில் கோப்பை கழுவுகிற ஒருவர்,
பேர் வேண்டாம் என்றவர், ஒரு லெட்சம்.
செட்டிபாளையம் கரைவலைக்காரர் சேர்ந்து எட்டாயிரம்.
இலக்கம் 212: தெய்வானை, முனைக்காடு, ஐந்நூறு.
எல்லாம் இருபது ரூபாத் தாள்.
தாளில் றால் கருவாட்டு மணம்.
"வெண்டா அந்த வாய்க்கால வெட்டித் தரச் சொல்லு புள்ள."

பிறகு ஒருநாள் அம்பிளாந்துறையில்
பாதை வந்து கரையில் முட்டி நிற்கிறது.
எங்கள் வாகனம், பின்னால் அவர்களுடைய வாகனம்,
ஏற்றியதும் பாதை நிறைந்துவிட்டது.
பள்ளிக்கூடப் பிள்ளைகள், சைக்கிள்கள், ஒரு தயிர்க்காரர்,
எல்லாரும் அடுத்த தடவைக்கு.
அவளும் அதற்குள் நின்றாள்.
வாய்க்காலைப் பற்றிக் கேட்க
வேட்பாளரின் பக்கம் ரெண்டடி வைத்தாள்.
அடிக்கவில்லை, பொய் எழுதக்கூடாது.
தோளில் கைவைத்தான்,
கடை சாத்துகிறவன் பலகையைத் தள்ளுவதுபோல.

அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.
"இவனுக்கு நாள்கூலி என்ன கா?"
சொன்னேன்.
விரல் மடக்கினாள்.
"அப்ப என்ட காசுக்கு
ஒரு மணித்தியாலம் நிப்பான் என்ன.
இதுதானாக்கும் அந்த மணித்தியாலம்."

பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.
என் சித்தப்பா பிரதேச சபைக்குக் கேட்ட வருஷம்
மைம்மல் நேரம், படலையில் யாரோ
பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
நாய் குரைக்கவில்லை.
தெரிந்த ஆள்.

ஆறு பேரில் மூத்தவனுக்கு ஐம்பது இருக்கும்.
முந்தி எங்கே நின்றவன் என்று யாரும் கேட்கவில்லை.
அவன் வந்தால் கடை நாய்
எழும்பி டயர்களுக்குப் பின்னால் போய்விடும்.
வவுச்சரில் எப்போதும் பெருவிரல்தான் வைப்பான்.
பேப்பர் வாசிக்கிறதைக் கண்டிருக்கிறேன்.

தோற்றோம், நானூற்றுப் பதினொரு வாக்கால்.
விடிய ஆறு பேரையும் காணவில்லை.
அரசரெத்தினம் சேர் இன்று
தனியாக மோட்டார்சைக்கிளில் வந்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.
"தோத்தவனை ஆர் புள்ள சுடுவான்" என்று சிரித்தார்.
சிரித்த பிறகும்
வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவில்லை.

"பந்தல் செலவெண்டு போடு."
பந்தலே போடல்லியே சேர்.
"அப்ப ஏனையவை."

படிவத்தின் கடைசி வரி அது.
ஒரு விரல் அகலம்.
அதற்குள் நெருக்கி எழுதினேன்:
பத்து லெட்சத்துப் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.
மிச்சத்தை எழுதக் கை வரவில்லை.
212ஆம் அடிக்கட்டையைக் கிழித்துப்
பின்பக்கம் வைத்துக் குண்டூசி குத்தினேன்.

கூட்டிப் பார்த்தால் கணக்கு
ஐந்நூறு ரூபாவால் உதைக்கிறது.
உதைக்கட்டும்.