மூன்று நாள் காய்ச்சல்

ப்ரெவாலினில் அப்போது நூற்றுப் பதினோரு வீடுகள்.
ஒரு தபால் நிலையம்.
அதில் மதாம் சிடோனி வார்னியே,
அவள் முதுகுக்குப் பின்னால்
எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும் கெட்டில்.
காப்பிக்கொட்டை கண்ணில் படாத காலம்.
வறுத்த பார்லியை எத்தனை கோப்பைதான் குடிப்பாள் என்று
நாங்கள் சிரிப்போம்.

நான் தந்தி கொண்டுபோகும் பையன், பதினாறு வயது.
டயருக்கு ரப்பர் இல்லை,
தோட்டத்துக் குழாயை வெட்டிச் சைக்கிளுக்குச் சுற்றியிருந்தேன்.
மேட்டில் ஏறும்போது அது தவளைபோல் கத்தும்.

நாற்பத்து நான்கு, பிப்ரவரி.
அவளுக்குக் காய்ச்சல்.
சாவியை என் கையில் வைத்து
ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
கட்டிலருகே மருத்துவர் இருந்தார்.
"மெதுவாகச் செய், ஃபிர்மேன்,
அவசரமே இல்லை"
என்று மட்டும் சொன்னாள்.

நான் அவசரப்பட்டேன்.
மூன்று நாளும் ஒரு கடிதம் தேங்கவில்லை.
முத்திரை ஒவ்வொன்றும் பிசிறில்லாமல் விழுந்தது.
ஜெர்மன் தலைமையகத்துக்கு ஒன்று இருந்தது:
ஊதா மை, அனுப்பியவர் பெயர் இல்லை.
தராசில் வைத்துப் பார்த்தேன்,
பதினைந்து கிராம்கூட இல்லை.
தபால்தலை சரியாக இருந்தது.

வியாழக்கிழமை லாரி வந்தது.
ஆலைக்காரர் ஒனொரே தெல்மாவையும்
அவர் பரணில் ஒளிந்திருந்த தையற்காரரையும்
அவர் மனைவியையும்
இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிப் போனார்கள்.
ஆலையை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.
விடிய விடியக்
கல் கல்லையே அரைத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் எழுந்து வந்தாள்,
இரவு உடுப்பின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு.
கதவைத் தாழிட்டாள்.
அடுப்பைத் திறந்து காட்டினாள்:
சாம்பல்.
"இருநூற்றுக்கு மேல்" என்றாள்.
"எல்லாம் நம் ஊர்க் கையெழுத்து."

யார் யாருடையது என்று நான் கேட்கவில்லை.
பிறகு சொன்னாள்,
"நீ உன் வேலையைச் செய்தாய்."
அதை மன்னிப்பு என்று சில ஆண்டுகளும்
வேறொன்று என்று பல ஆண்டுகளும்
எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விடுதலைக்குப் பிறகு
கையில் துப்பாக்கியும் தோளில் பட்டையுமாகச் சிலர் வந்தார்கள்,
அதில் இருவர் ஜூலை வரை எங்கே இருந்தார்கள் என்று தெரியாது.
பெயர்கள் வேண்டும் என்றார்கள்.
அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"போர்க்கால மை, ஐயா. நிற்கவே நிற்காது.
ஒன்றையும் படிக்க முடிந்ததில்லை."

இன்னும் பத்தொன்பது ஆண்டுகள்
அதே ஜன்னலில் இருந்து அவர்களுக்குத் தபால்தலை விற்றாள்.
நான் பக்கத்தில் நின்று
சில்லறை தரும்போது யாரிடம் அவள் கை தயங்குகிறது என்று
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
எவரிடமும் தயங்கவில்லை.

நினைவுத்தூணில்
ஆலைக்காரர் பெயரை அடுத்த கோடையிலேயே செதுக்கினார்கள்.
மற்ற நால்வருக்கு முப்பத்தெட்டு ஆண்டு ஆயிற்று.
எழுத்துக்கூட்டல் தெரியவில்லையாம்.
அவர்களுக்கும் கீழே
ஒரு முழம் கல் வெறுமையாக இருக்கிறது.
மே மாதத்தில் மேயர் ஐந்து பெயரை வாசிக்கும்போது
எல்லோரும் பெயர்களைப் பார்க்கிறார்கள்,
நான் அந்த ஒரு முழத்தை.
அதைக் கொதிக்க வைத்தவள் பெயர் எங்கும் இல்லை.

தபால் நிலையம் இப்போது விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடு.
வருகிறவர்கள் நல்லவர்கள்,
காலையில் வணக்கம் சொல்கிறார்கள்.
மேசைமேல் அவர்களுக்கென்று
ஒரு மின்சாரக் கெட்டில் இருக்கிறது.
அந்த ஜன்னலில் ஆவி படிந்திருந்தால்
நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன்.