பத்து லீமா

ஊர் தேட ஒரு கணக்குப் புத்தகம் போட்டிருந்தேன்.
இடப்பக்கம் வாடகை. வலப்பக்கம் வானம்.
தைப்பிங்: ஏரி அழகு, ஆனால் ஓயாத மழை,
தாள் காயாது.
கேமரன்: ஸ்ட்ராபெரி வாங்க வருகிறவர்கள்
படத்தையும் கிலோவுக்கு எவ்வளவு என்பார்கள்.
மலாக்கா: எனக்கு முன்பே ஆயிரம் தூரிகைகள்
அந்த ஆற்றைக் கலக்கிவிட்டுப் போயாயிற்று.
பினாங்கு என்று எழுதினேன்,
வாடகை விசாரித்தேன், அடித்தேன்.
அடித்த கோடு மட்டும் நன்றாக வந்திருந்தது.

அப்போது பூச்சோங்கில் பதினான்காவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே காலி நிலம், தகர வேலி.
நகைக்கடை விளம்பரத்துக்குத் தோடு வரைந்து
மூன்று வருடம் சாப்பிட்டேன்.
ஒரு காது வரையச் சொல்லி
யாரும் காசு தரவில்லை.

பத்து லீமா பட்டியலிலேயே இல்லை.
ஈப்போவுக்குப் போன பேருந்து
டயர் வெடித்து அங்கே நின்றது, அவ்வளவுதான்.
ஒரு தெரு, ஓர் அடகுக்கடை,
எண்ணெய் ஆலையின் புளித்த வாடை,
செம்பனைக் குலை சிந்திக்கொண்டே போகும் டிராக்டர்.
செம்பனை வரிசை முடிகிற இடத்தில்
ஒரு சுண்ணாம்பு மலை
குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் நின்றது.
கையிலிருந்த கோப்பி ஓ ஆறிவிட்டது.

கடைக்கு மேலே மாடி காலி.
அட்டையில் மலாய், சீனம்,
தமிழில் ‘வாடைகைக்கு’.
திருத்தித் தரட்டுமா என்றேன்.
‘இருநூற்று எண்பது,
திருத்தினால் இருநூற்று எழுபது’
என்றார் திருமதி ஃபூங்.

‘அங்க யாரு படம் வாங்குவா?’
கோமதி போனில் கத்தினாள்.
அது இடப்பக்கத்துக் கேள்வி என்று வைத்துவிட்டேன்.

முதல் மாதம் முழுக்க மலை.
காலையில் பால் ஊற்றிய சாம்பல்,
உச்சியில் வெறும் எலும்பு,
ஆலைப் புகை சாய்கிற சாயங்காலத்தில்
வாடின வெற்றிலை.
பச்சை டியூப் தீர்ந்தது.
அடுத்த டியூப் ஈப்போவில், பேருந்தில் ஒரு மணி நேரம்,
அதுவும் டயர் தயவில்.

இரண்டாம் மாதம்
படங்களைத் தேதிப்படி சுவரில் ஒட்டினேன்.
மலையின் இடது தோள்
படத்துக்குப் படம் இறங்கியிருந்தது.
கைதான் பிசகுகிறது என்று
பென்சிலை நீட்டி மூன்று நாள் அளந்தேன்.
தோடு வரைந்து வரைந்து
பெரிய பொருள் கைக்கு மறந்துபோச்சோ
என்றுகூட நினைத்தேன்.

கீழே கடையில்
ரொட்டி சானாயைப் பருப்பில் அமுக்கியபடி
லோரி ஓட்டும் குணாளன் சொன்னான்:
‘ஒங் கையி சரியாத்தான் இருக்கு.
நேத்து மட்டும் நாலு நடை ஏத்தினேன்.’
எங்கே?
‘பூச்சோங். புது கொண்டோ கட்றாங்க,
பழைய பிளாட்டுக்கு எதிர்ல, தகர வேலி போட்ட நெலம்.’

மலாயில் பத்து என்றால் கல்.
லீமா, ஐந்து. ஐந்தாம் மைல் கல், வேறொன்றுமில்லை.
என் தமிழ்க் காதுதான் அன்றிலிருந்து
பத்தில் ஐந்து என்று
கேட்டுத் தொலைக்கிறது.

பெட்டியைக் கட்டினேன். உண்மைதான்.
பாதி கட்டியபோது பதினொரு மணி வெடி;
தூரிகை போட்டிருந்த மைலோ டின்
மேசையில் அரை அங்குலம் நகர்ந்தது.
வாசலில் குணாளன்,
படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து
ஒரே ஒரு குறை சொன்னான்:
‘ரோட்டுல எங்க லோரியவே காணோம்.’

இருந்தது. எல்லாப் படத்திலும் இருந்தது.
அழகுக்காக நான்தான்
ஒவ்வொரு முறையும் அழித்திருந்தேன்.

இப்போது மஞ்சள் தீர்ந்துகொண்டிருக்கிறது.
நம்பர் பிளேட்டோடு போடச் சொல்லி
முப்பது வெள்ளி முன்பணம் தந்திருக்கிறான்.
எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியாமல்
நடுமடிப்பில் எழுதினேன்.
நாளையும் பதினொரு மணிக்கு வெடி.
அதற்குள் தோளை முடிக்க வேண்டும்.