உள்ளூர்ப் பெயர்

மணற்காட்டில் பஸ்ஸால் இறங்கி
"இஞ்சை வெள்ளைமுத்தகம் இருக்கோ?" என்றேன்.
வலையில் நண்டு கழற்றிக்கொண்டிருந்த பிலேந்திரன்
தலை நிமிரவில்லை.
"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை.
கோயிலடியில விசாரிச்சுப் பாருங்கோ."

ஆள் தேடி வந்தவர்களுக்கு
இந்தக் கரை சொல்லிப் பழகிய பதில்.
என் பையில் இருந்தது
பழைய பேப்பரும் கத்தரிக்கோலும் மட்டும்.

செடி அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றது,
இடுப்பளவில், எண்ணெய் பூசினாற்போல் இலையோடு,
காற்றுக்கு ஒரு பக்கம் சரிந்து.
பூவைக் காட்டினேன்.
"ஓ, இதோ. இது பத்தை.
பொடியள் ஒண்டுக்குப் போறது இதுக்குப் பின்னால."

பாதிப் பூ.
ஐந்து இதழும் ஒரே பக்கம் விரிய
மறுபக்கம் அடிவரை கிழிந்து கிடக்கும்.
முதன்முதல் பார்த்த அன்று
யாரோ பிய்த்துவிட்டார்கள் என்று அடுத்ததைப் பறித்தேன்.
அதுவும் பாதி.
அதற்கடுத்ததும்.

ஸ்கேவோலா தக்கடா.
ஸ்கேவோலா என்றால் இடக்கைக்காரன்.
பகைவர் முன்னே வலக்கையைத் தீயில் வைத்துப்
பொசுங்கும்வரை எடுக்காத ஒருவன்,
உரோமக் கதையில்.
அவனுக்கு மிஞ்சிய கை இந்தப் பூ என்று
யாருக்கோ பட்டிருக்கிறது.
தக்கடா சிங்களம்.
தெற்கே ஏதோ ஒரு கரையில்
இதே கேள்வியைக் கேட்டவருக்குப்
பதில் கிடைத்திருக்கிறது.

ஒரு பேரினத்திலிருந்து இன்னொன்றுக்கு
மாற்றிய செடியென்றால்
முதலில் பெயர் வைத்தவரை
அடைப்புக்குறிக்குள் எழுதவேண்டும்.
மாற்றியவர் வெளியே.
இடம்பெயர்ந்த பிறகும்
முதல் வீட்டுக்காரருக்கு வளைவுக்குள் ஓர் இடம்.
எங்கள் கூப்பன் மட்டையில்
அப்படியொரு வளைவு இருந்ததில்லை.

திருநெல்வேலியில், கம்பஸ் மேல்மாடியில்
பதினொரு நாள் அழுத்திவைத்த தாளைப் பிரித்தேன்.
வெள்ளை பழுப்பாகிவிட்டது,
ஊதாக் கீறல் மட்டும் நிற்கிறது.
எழுதுவது இடக்கையால்.
இரண்டாம் வகுப்பில் சிஸ்டர் அடித்தும் மாறாத கை,
எழுதியதன் மேலேயே உரசிப்போகும்,
மை எப்போதும் கொஞ்சம் தீற்றும்.

இடம்: மணற்காடு.
மண்: மணல்.
சேகரித்தவர்: நான்.
உள்ளூர்ப் பெயர்:

வெள்ளைமுத்தகம் என்று போட்டால்
மேலே ஒப்பமிட்டு அனுப்பிவிடுவார்கள்.
புத்தகத்தில் இருக்கிறது.
மணற்காட்டில்
அப்படி ஒருத்தரும் இல்லை.

பத்தை என்று எழுதினேன்.
பிறகு ஒரு வளைவு போட்டு, உள்ளே
பிலேந்திரன்.
மற்ற வளைவைப் போட்டு மூடுமுன்
கை பட்டு
பாதிப் பெயர் தீற்றிவிட்டது.