ஆறு நிமிடம்

ஜாக்ரெப் நகரின் கிழக்குக் கோடி,
துபெட்ஸ் வளைவில் டிராம் நின்றால்
திரும்பிப் புறப்பட ஆறு நிமிடம்.
அட்டவணை போட்டவன் புகைப்பவனாக இருந்திருக்க வேண்டும்.
ஒரு சிகரெட்டுக்கு அளவெடுத்து வெட்டிய துணி மாதிரி
கச்சிதமாக ஆறு.

லியெர்கா பதினேழு வருடம் அதை உடுத்தினாள்.
கதவைப் பூட்டி, படியிறங்கி,
காற்றுக்கு முதுகு கொடுத்து நின்று
கடைசித் துண்டைக் காலடியில் நசுக்கும்போது
சரியாக விளக்கு மாறும்.

விட்டது ஜூனில், ஒரு செவ்வாய்க்கிழமை.
பெரிய காரணம் ஒன்றுமில்லை.
மருத்துவர் பயமுறுத்தவில்லை, யாரும் சாகவில்லை.
தண்டவாளத்தில் குறுக்கே ஓடிய பையனைத்
திட்ட இறங்கியவள்
பாதி வசவில் மூச்சு முட்டி நின்றாள்.
அவன் காத்திருந்தான்,
மீதியையும் கேட்டுவிட்டுப் போகலாமென்று.

அதன் பிறகுதான் தெரிந்தது
ஆறு நிமிடத்தின் நீளம்.
முதல் நாள் டிராமை இரண்டு முறை வலம் வந்தாள்.
மூன்றாம் நாள் மணல் பெட்டியைத்
திறந்து மூடினாள், திறந்து மூடினாள்.
சூரியகாந்தி விதை கொறித்தாள்,
தோலெல்லாம் இருக்கைக்கடியில் பறந்து
பணிமனைக்குப் புகார் போனது.
ஆறு நிமிடத்தில் காபி ஆறும்.
வேறென்ன ஆறும்?
ஒன்பதாம் நாள் அழுதாள்.
என்னாச்சு என்று வந்த ஸ்வோன்கோவிடம்
"உன் தொப்பியைக் கொஞ்சம் முகர்ந்துகொள்ளட்டுமா?" என்றாள்.
கழற்றிக் கொடுத்தான்.
அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

தினமும் மிச்சமான காசு ஜாடியில் விழுந்தது.
தின்கோ அதிலிருந்துதான்
தன் சிகரெட்டை வாங்குகிறான் என்பதை
அக்டோபரில் கண்டுபிடித்தாள்.
மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள்
ஜாடியை மேல் அலமாரிக்கு மாற்றினாள்.
அவன் அவளைவிட உயரம்.

மூக்கு மெல்லத் திரும்பி வந்தது,
வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடியவன் மாதிரி
தயங்கித் தயங்கி.
ஈரக் கம்பளி. யாரோ உரித்த ஆரஞ்சு.
பிரேக் பிடிக்கையில் சுடும் இரும்பு.
இத்தனை வருடம் இந்த ஊர்
இப்படியா நாறிக்கொண்டிருந்தது?

லைட்டரை மட்டும் எறியவில்லை.
பனியில் பூட்டு உறைந்தால் சாவியைச் சுட வைக்க.
அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

ஜனவரியில் ஒரு விடிகாலை மின்சாரம் போய்
டிராம் நடுவழியில் நின்றது. நாற்பது நிமிடம்.
இரவுப்பணி முடிந்த செவிலி ஒருத்தி
கதவோரம் இறங்கி நின்றாள்.
விரலிடுக்கில் சிகரெட், கையில் தீ இல்லை.
"இருக்கிறதா?"

கை தானாகப் பைக்குள் போயிற்று.
கட்டைவிரல் சக்கரத்தை உருட்டியது.
மற்றக் கை காற்றை மறித்துக் குவிந்தது.
சுடர் நிமிர்ந்தபோது
லியெர்காவின் உதடும் கூடவே குவிந்தது.
ஏழு மாதமாக அந்த உடம்புக்கு
யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது.

செவிலி மரியாதையாக
மறுபக்கம் திரும்பித்தான் புகை விட்டாள்.
காற்று அதைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தது.
லியெர்கா நகரவில்லை.
இதை எந்தக் கணக்கில் எழுதுவது?
மூச்சை விட்டவள்
எடுக்கவும்தானே வேண்டும்.

"ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்."
"விட்டுவிட்டேன்."
"எவ்வளவு நாளாச்சு?"
"ஆறு நிமிடம்."

செவிலி சிரித்தாள்.
அவள் சிரிக்கவில்லை.

மின்சாரம் வந்தது.
மணல் தூவ, வழுக்கிய சக்கரம்
தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டது.
துபெட்ஸ் சேர்ந்தபோது தாமதம் தலைக்கு மேல்;
உடனே திருப்பு என்றது வானொலி.
அன்றைக்கு ஆறு நிமிடம் கிடையாது.

பற்ற வைக்க ஒன்றுமில்லாமல்
படியிறங்கிச் சும்மா நிற்க
அவளுக்கு அது வேண்டியிருந்தது.
மணி அடித்தாள்.
கதவு மூடியது.