ஏற்றுமதிக்கு மட்டும்

சுல்தான்பேட்டைக்கு மேற்கே, காற்றாலைகளுக்கு நடுவில்
எங்கள் ஆலை. ஆறு டாங்கி, ஒரு போர்.
தண்ணீர் எண்ணூற்றைம்பது அடியில்.
கம்பு முளைத்து, காய்ந்து, வறுபட்டு
பத்தொன்பது நாளில் பீராகிறது.

நான் காய்ச்சுவதில்லை. காகிதம் பார்க்கிறேன்.
இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பிறப்பிடச் சான்று,
கலால் துறையின் ஊதா ஸ்டாம்பு.
ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும்
‘ஏற்றுமதிக்கு மட்டும்’ என்று
அச்சடிக்கக் கொடுத்தது நான்தான்.

காய்ச்சுகிறவள் மோகனப்ரியா.
திருப்பூர் சாயப்பட்டறையில்
ஏழு வருஷம் கலர் பார்த்தவள்.
இன்னும் கிளாஸை ஜன்னலுக்குத் தூக்கி
‘ஷேடு ஒரு பாயிண்ட் கம்மி’ என்பாள்.

பீருக்குப் பெயர் ஆடிக்காத்து.
ஹாய்ஃபாங்கிலிருந்து திருமதி லான் எழுதினாள்:
லேபிளில் யானை போடுங்கள்,
கோபுரம் இருந்தாலும் சரி, இங்கே விற்கும்.
மோகனப்ரியா ஒரு வாரம் பேசவில்லை.
பிறகு வரைந்து கொண்டுவந்தாள்
கம்பத்தை நிமிர்த்தி நிற்கும்
திருச்செங்கோட்டு ரிக் வண்டியை.

ராக்கெட்டா? என்று கேட்டாள் லான்.
ஆமாம், கீழ்நோக்கிப் போவது
என்று பதில் போட்டேன்.

ராக்கெட் விற்றது.
முதலில் நாற்பது பெட்டி, அப்புறம் இருநூறு,
சித்திரையில் முழு கன்டெய்னர்.
அங்கே சந்தை வருஷத்துக்கு வருஷம் ஏறுகிறதாம்,
வரைபடம் அனுப்பியிருந்தாள், பச்சைக் கோடு.
அந்த வாரம்தான் நாங்கள்
மோட்டாரை இன்னும் மூன்று குழாய் இறக்கினோம்.

தூத்துக்குடி யார்டில்
குளிர்பெட்டியின் பிளக்கை யாரோ பிடுங்கிவிட்டார்கள்.
நாலு நாள். வெயில் நூற்றிமூன்று.
மூடிகள் தாமாகத் திறந்துகொண்டன
என்று சர்வேயர் எழுதினார். கப்பல் போய்விட்டது.
அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டியும்
வந்த வழியே திரும்பி வந்தன.

விற்கக்கூடாது. சும்மாவும் கொடுக்கக்கூடாது.
அதிகாரி முன்னிலையில் அழிக்க வேண்டும்
என்று விதி, அதற்கொரு படிவம், மூன்று நகல்.

ஆடி பிறந்து நாலாம் நாள் வந்தார் அல்போன்ஸ் சார்.
நிழலுக்கு நாற்காலி போட்டோம்.
ஆலைக்குப் பின்னால் காய்ந்த தென்னம்பாத்திகளில்
பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்தோம்.
இறக்கிப்போட வந்த லாரிக்காரர் நாச்சிமுத்து
துண்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்:
‘ஏனுங் சார், ஒண்ணே ஒண்ணு,
சித்தெ நாக்குல வெச்சுப் பாத்துக்கறனுங்?’
சார் பெட்டியைக் காட்டினார்.
நாச்சிமுத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு
‘செரிங்’ என்றார்.
பொழுதோட அவர் பல்லடம் ரோட்டுக் கடையில்
அரசாங்கத்துக்கு முழு விலை கொடுத்து
வேறெதையோ வாங்கிக் குடிப்பார், அது சட்டம்.

செம்மண் குடித்தது.
அவ்வளவு ஆழத்திலிருந்து உறிஞ்சியதை
இரண்டு அங்குலத்துக்கு மேல்
உள்ளே அனுப்ப முடியாமல் நுரைத்தது.
நுரையைக் காற்று தூக்கிக்கொண்டது.
வேலி தாண்டி, சோளத்தட்டில் கொஞ்சம்,
ஓர் எருமையின் முதுகில் கொஞ்சம்,
ஒரு கொத்து நேராக வந்து
அல்போன்ஸ் சாரின் கண்ணாடியில்.

கழற்றித் துடைத்தார்.
துடைத்த விரலை, யோசிக்காமல்,
நாக்கில் வைத்தார்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
‘கசப்பு கொஞ்சம் தூக்கல்’ என்றார்
காற்றாலையைப் பார்த்தபடி.

படிவத்தில் பதினோராம் கட்டம்:
உள்நாட்டு நுகர்வு.
‘இல்லை’ என்று நிரப்பினேன். கையெழுத்திட்டார்.
மோகனப்ரியா தன் நோட்டில்
லாட் நம்பருக்கு நேரே
அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

லானிடமிருந்து மெயில் வந்திருக்கிறது,
செப்டம்பருக்கு எத்தனை தர முடியும் என்று.
மூணு பேஸ் கரண்ட் வருகிற நேரம்.
அவள் போய் சுவிட்சைத் தட்டினாள்.
குழாய் முதலில் வெறும் காற்றை இருமியது,
வெகுநேரம் இருமியது,
நாங்கள் இருவரும் வாளியைப் பிடித்தபடி நின்றோம்.