நாற்பத்தொன்றாம் எண்

ரொசாரியோ. ஜூலைக் குளிர். அதிகாலை நாலு மணி.
பரானா ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி
மகப்பேறு மருத்துவமனையின் பின்வாசலில் நிற்கிறது.
நெலிடா ஐஸ் பெட்டியோடு படியிறங்குகிறாள்.
உள்ளே,
கால் மணி முன்புவரை
ஒருத்திக்கும் அவள் மகளுக்கும் நடுவே இருந்த சதை.
சூடு இன்னும் முழுக்க ஆறவில்லை.

தமிழ் அதை நஞ்சு என்கிறது.
பழைய லத்தீனில் அப்பம்.
நெலிடாவின் நோட்டில் நாற்பத்தொன்று.

கழுவுகிறாள், நறுக்குகிறாள்,
ஊட்டமில்லாத நீரில் விடுகிறாள்.
பட்டினி கிடக்கும் செல்கள்
சண்டை போடுவதில்லை,
தம்மைத் தாமே மடித்து வைத்துவிட்டுப் போய்விடும்.
பக்கத்துக் குழியில் மட்டும்
ஒரு துளி லெப்டின்.

கொழுப்பு மூளைக்கு எழுதும் சீட்டு அது:
போதும், தட்டை நகர்த்து.
இங்கே மூளை ஏது, தட்டு ஏது?
அதே சீட்டைப் பிரித்த இந்தச் செல்கள்
'இரு' என்று படித்திருக்கின்றன.
மறுநாள் எண்ணும்போதும்
இருக்கின்றன.

அந்தச் சீட்டை
இந்தச் சதையும் எழுதியது, ஒன்பது மாதம்,
கட்டுக்கட்டாக.
ரத்தமெல்லாம் போதும் போதும் என்று ஓட
அஸுசேனா காதில் வாங்கவேயில்லை.
நள்ளிரவில் எழுந்து
ஆறிப்போன எம்பனாடாவை
நின்றபடியே தின்றாள், புருஷன் பங்கையும் சேர்த்து.

இப்போது மேல்மாடியில், எட்டாம் படுக்கையில்,
நர்ஸ் கொண்டுவந்த மாத்தே தேநீர், இரண்டு பிஸ்கட்.
மகள் இன்னும் கண் திறக்கவில்லை,
வாய் மட்டும் எதையோ தேடுகிறது.
அஸுசேனா
இரண்டாவது பிஸ்கட்டைப் பாதி கடித்து வைத்துவிட்டு
தட்டை நகர்த்துகிறாள்.